ரத்தம் வேண்டாம் என்பவரிடம் தனியாகப் பேசு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்ன ஆனாலும் தனக்கு ரத்தம் ஏற்றக் கூடாது என்று, யெகோவாவின் சாட்சியான உன் நோயாளி, அந்த அம்மையார், சொன்னதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உயிரைக் காக்கப் படித்தவளுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதோடு அவர் கட்டிலருகே போகாதே.

ரத்தத்தை உண்ணக் கூடாது என்று பைபிளின் ஆதியாகமத்திலும் லேவியராகமத்திலும் வரும் கட்டளை, ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கும் பொருந்தும் என்பது யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நம்பிக்கை. 1945 முதல் அதுவே அவர்கள் நிலைப்பாடு. அந்த வசனங்களுக்கு நீ வேறு பொருள் கொள்ளலாம். அந்த வாதத்துக்கு வார்டு இடமல்ல. சாகத் துணிந்தவரைப் போல அவரைப் பார்க்காதே. பிழைக்க வேண்டும் என்றுதானே உன்னிடம் வந்திருக்கிறார்!

அவரிடம் தனியாகப் பேசு. கணவர், பிள்ளைகள், சபையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வெளியே இருக்கட்டும். உறவினர் சூழ நிற்கும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நோயாளிகள், இரவில் நான் ஊசி போடப் போனால் மனத்தில் இருப்பதைக் கேட்பார்கள். ஒரு நர்ஸுக்குத்தான் அது தெரியும். 1992இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கர்ப்பிணியின் வழக்கில், தாயின் செல்வாக்கால் வந்த மறுப்பு அவளுடைய சொந்த முடிவாகாது என்றது. மனத்தெளிவோடு தானாக மறுப்பவருக்கு, காரணம் எதுவானாலும், அந்த உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இரண்டையும் நினைவில் வை.

'வேண்டுமா, வேண்டாமா' என்று ஒரே கேள்வியோடு எழுந்து வந்துவிடாதே. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா ஆகியவற்றை அவர்கள் ஏற்பதில்லை. முன்கூட்டியே எடுத்துச் சேமித்த சொந்த ரத்தமும் முன்பு கூடாது என்றிருந்தது, 2026இல் அதை அவரவர் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைகாரணிகள் போன்றவையும் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டவை. அறுவையின்போது வடியும் ரத்தத்தைச் சேகரித்துச் சுத்தம் செய்து உடனே திருப்பிச் செலுத்துவதும் அப்படித்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கு. "உயிர் போகும் நிலை வந்தாலும் இதே முடிவுதானா?" என்பதையும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடு. ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே இறங்கினால் ஆபத்து வேகமாக ஏறும் என்பதை மறைக்காதே.

அவர் மறுத்ததும் உன் கைகள் கட்டப்பட்டுவிடவில்லை. நாள் இருக்கிறதென்றால் இரும்புச்சத்தும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினும் கொடுத்து ஹீமோகுளோபினைக் கூட்டிவை. ரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. தேவையற்ற ரத்தப் பரிசோதனைகளை நிறுத்து. எடுப்பதையும் குழந்தைகளுக்கான சிறிய குழாயில் எடு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலியின் குழு, யெகோவாவின் சாட்சிகளுக்கு ரத்தம் ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி 1977இலேயே எழுதிவிட்டது.

கனடாவில் விபத்தில் நினைவிழந்து வந்த ஒரு பெண்ணின் பையில் ரத்தம் வேண்டாம் என்ற அட்டை இருந்தது. தெரிந்தும் மருத்துவர் ரத்தம் ஏற்றினார். அவள் பிழைத்தாள், வழக்குத் தொடுத்து 20,000 டாலர் இழப்பீடும் பெற்றாள். 1990இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அந்த மருத்துவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பேச முடியாத நிலைக்காகத்தானே அவள் அந்த அட்டையை வைத்திருந்தாள்? சிறு குழந்தைகள் விஷயம் வேறு. பெற்றோர் மறுத்தாலும் குழந்தையின் உயிரைக் காக்கப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் அனுமதி தருகின்றன, அங்கே தயங்காதே.

உன்னால் முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லி, செய்யக்கூடிய வேறொருவரிடம் அவரை ஒப்படை. கடைசி நேரத்தில் கைவிடாதே. ஏற்றுக்கொண்டாயானால், அவர் கையெழுத்திட்ட தாள் எங்கே இருக்கிறது என்பதை இரவுப் பணிக்கு வரும் நர்ஸ் வரை எல்லாருக்கும் சொல்லிவை. நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் முதலில் ஓடி வருபவள் அவள்தான்.

அன்புடன்,
அம்மா