மீனாவுக்கு: அந்த வங்கிப் பங்கு விஷயமாக

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாப்பிள்ளையையும் குட்டிப் பயலையும் கேட்டதாகச் சொல்.

போனஸ் பணத்தை ஒரு வங்கியின் பங்கில் போடலாமா என்று கேட்டிருந்தாய். வருடா வருடம் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்) ஏறுகிறது, பங்கின் விலையும் ஏறுகிறது, அப்புறம் என்ன தயக்கம் என்று நீயே பதிலையும் சேர்த்து எழுதிவிட்டாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். வங்கி வேலையிலேயே தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டு ஒரு வார்த்தையில் பதில் வரும் என்று நினைத்தால் எப்படி?

நீ சொன்ன அதே இரண்டு காரணங்களுக்காக இந்த ஊரில் வங்கிப் பங்கு வாங்கிக் குவித்தவர்கள் இருந்தார்கள். நூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். வங்கியின் பெயர் பேங்க் ஆஃப் பாம்பே. இன்றைய ஸ்டேட் பேங்கின் மூதாதையர் மூவரில் ஒன்று. மற்ற இரண்டும் கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்தன.

1840-ல் 52 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் மூலதனத்தில் ஆரம்பித்தார்கள். அரசாங்கமும் ஒரு பங்குதாரர். இயக்குநர்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் அரசாங்கம் நியமித்தவர்கள். கம்பெனி ஆட்சிக் காலம். எல்லாவற்றுக்கும் சாசனம் உண்டு. அந்தச் சாசனத்தில் கடன் கொடுப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனசு நிறையும். மூன்று மாதத்துக்கு மேல் கடன் கூடாது. நிலம் வீட்டின் மேல் கூடாது. வங்கியின் சொந்தப் பங்கை ஈடாக வாங்கக் கூடாது. பிராமிசரி நோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு என்றால் ஒன்றுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். லாபம் சுமாராகத்தான் வரும், ஆனால் ராத்திரி தூக்கம் வரும். அதோடு சொந்தமாக நோட்டு அச்சடித்து வெளியிடும் உரிமையும் வங்கிக்கு இருந்தது.

1862-ல் நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு அரசாங்கக் கஜானாப் பணம் வங்கிக்கு வந்தது, கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. 1863-ல் வந்த 10-ம் எண் சட்டம், மற்றக் கம்பெனிகளின் பங்குகளை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. திறந்த நேரம்தான் கெட்ட நேரம்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதால் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி போகவில்லை. எல்லோரும் பம்பாயின் பக்கம் திரும்பினார்கள். பருத்தி விலை பல மடங்கு ஏறியது. வழக்கமாக வருவதைவிட எட்டுக் கோடி பவுன் கூடுதலாக இந்த ஊருக்குள் வந்தது என்று அந்தக் காலத்தில் கணக்குச் சொன்னார்கள். அவ்வளவு பணத்துக்கு இங்கே போக்கிடம் ஏது? அதனால் போக்கிடத்தை உண்டாக்கினார்கள். புதிது புதிதாக வங்கி, நிதிக் கம்பெனி, கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனி. அவற்றில் பேர் பெற்றது பேக் பே கம்பெனி. 5,000 ரூபாய்ப் பங்கு அதைப் போலப் பல மடங்கு விலைக்குப் போனது. டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் மரத்தடியில் நின்று வியாபாரம் செய்த தரகர்கள் ராஜா மாதிரி நடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ராஜா பிரேம்சந்த் ராய்சந்த்.

நீ சின்ன வயதில் அண்ணாந்து பார்த்து "எத்தனை மாடிப்பா?" என்று கேட்பாயே, பல்கலைக்கழகத்து ராஜாபாய் கோபுரம், அது அவர் அம்மா பெயரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்ததுதான். நூலகத்துக்கு இரண்டு லட்சம், கோபுரத்துக்கு இரண்டு லட்சம். பணம் கொடுத்தது ஊர் உச்சத்தில் இருந்தபோது. கோபுரம் முடிந்தது 1878-ல், எல்லாம் கவிழ்ந்து வருடங்கள் ஆன பிறகு.

சரி, வங்கிக்கு வருகிறேன். இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். ஒருவர் பேக் பே பங்கைக் கொண்டுவந்து ஈடாக வைக்கிறார். வங்கி கடன் தருகிறது. அந்தப் பணத்தில் அவர் இன்னும் பங்கு வாங்குகிறார். வாங்குவதால் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் ஈட்டின் மதிப்பும் ஏறிவிட்டது, ஆகவே அதே ஈட்டின் மேல் கூடுதல் கடன் கேட்கலாம். வங்கியின் ஏட்டில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை: கடன் கூடுகிறது, ஈடு அதைவிட அதிகமாக இருக்கிறது, வட்டி ஏட்டில் ஏறுகிறது, லாபம் வருகிறது. அந்த லாபத்திலிருந்துதான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிவிடெண்ட். உண்மையில் ஈட்டின் மதிப்பைத் தூக்கி நிறுத்தியிருந்தது வங்கி கொடுத்த கடனேதான். இரண்டு கையெழுத்து விதியும் இங்கே பிரயோசனப்படாது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் ஒரே பங்கில் பணம் போட்டிருந்தால் அது ஒரு கையெழுத்துதான். வேலையில் இருந்த நாட்களில் ஜாமீன்தாரர் என்ன தொழில் செய்கிறார் என்று நான் துருவித் துருவிக் கேட்பேன். "சாருக்கு ஊர் வம்பு" என்று இளசுகள் சிரிப்பார்கள். வம்பு இல்லை, இதுதான் காரணம்.

காரியதரிசியாக இருந்த ஜேம்ஸ் பிளேர், பிரேம்சந்துக்கும் அவர் கைகாட்டியவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார். இயக்குநர்கள் கண்டுகொள்ளவில்லை. அதில் மூன்று பேர் அரசாங்கத்து ஆட்கள் என்பதை மறந்துவிடாதே. அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று பங்குதாரர் நினைத்தார், பங்குதாரர்கள் கேட்பார்கள் என்று அரசாங்கம் நினைத்தது போலிருக்கிறது.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது வேறு. அந்தக் காலத்தில் வங்கி தன் மூலதனத்தைப் பெருக்கியது. 52 லட்சத்துச் சொச்சம் நான்கு மடங்காகி 2 கோடியே 9 லட்சம் ஆயிற்று. புதுப் பங்குகளுக்குப் பணம் கட்டியது யார்? பங்குதாரர்கள். டிவிடெண்டாகக் கைக்கு வந்ததைப் போலப் பல மடங்கை, அதுவும் உச்சத்தில், அவர்களே திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார்கள். டிவிடெண்டை மட்டும் பார்க்கிறவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நீ சொன்ன வங்கி கடந்த சில வருடங்களில் எத்தனை முறை புதுப் பங்கு வெளியிட்டது என்று பார்த்தாயா? டிவிடெண்டாக வெளியே போனது எவ்வளவு, புதுப் பங்கு மூலம் உள்ளே வந்தது எவ்வளவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்.

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிந்தது. செய்தி வந்ததும் பருத்தி விலை சரிந்தது. வாயிதா வியாபாரம், அதாவது இன்று விலை பேசிப் பின்னொரு நாள் கணக்குத் தீர்க்கும் வியாபாரம் செய்தவர்கள் எல்லோரும் ஜூலை 1-ம் தேதி கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அன்று தீர்க்க யாரிடமும் பணம் இல்லை. 2,850 ரூபாய் வரை போன பேங்க் ஆஃப் பாம்பே பங்கு, கடைசியில் 87 ரூபாய்க்கு விற்றது. இந்த இரண்டு எண்களையும் உன் பர்ஸில் எழுதி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அப்போதும் வங்கி உடனே மூடவில்லை. தள்ளாடித் தள்ளாடி 1868-ல்தான் கலைத்தார்கள். மூலதனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போயிருந்தது. ஒன்று கவனி: நஷ்டம் அவ்வளவு பெரிதாக இருந்தும் மூலதனத்துக்குள் அடங்கிவிட்டது. மூலதனம் இருப்பதே அதற்குத்தான். டெபாசிட் போட்டவரின் பணத்துக்கு முன்னால் பங்குதாரரின் பணம் நிற்கிறது. அடி விழுந்தால் முதலில் அதன் மேல்தான். நீ ஃபிக்ஸட் டெபாசிட்டோடு ஒப்பிட்டு "இதில் கூட வருகிறதே" என்று எழுதியிருந்தாய். கூட வருவது அந்த முன் வரிசையில் நிற்பதற்கான கூலி, தாயி.

சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அது சொன்ன காரணங்களில் பாதி, நான் வேலையில் இருந்த காலத்து ஆடிட் அறிக்கைகளிலும் அப்படியே இருக்கும்: பங்குகளின் மேல் கடன் கொடுக்க விட்ட 1863 சட்டம், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய காரியதரிசிகள், அக்கறையும் திறமையும் இல்லாத இயக்குநர்கள், சரியான சட்ட ஆலோசனை இல்லாமை, அசாதாரணமான காலம். கடைசிக் காரணத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலம் சாதாரணமாக இருந்தால் வங்கியை யார் வேண்டுமானாலும் நடத்திவிடலாமே!

பிறகு நியூ பேங்க் ஆஃப் பாம்பே என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1876-ல் வந்த மாகாண வங்கிச் சட்டம் பழைய கடிவாளங்களை மூன்று வங்கிகளுக்கும் திரும்பப் போட்டது. அரசாங்கமும் பங்குகளை விட்டு ஒதுங்கிக்கொண்டது. 1921-ல் மூன்றும் சேர்ந்து இம்பீரியல் பேங்க், 1955 ஜூலை 1-ல் அதன் பங்குகள் ரிசர்வ் பேங்கின் கைக்கு மாறி ஸ்டேட் பேங்க்.

அந்தக் கைமாற்றத்தில் உனக்குப் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது. 500 ரூபாய் முகமதிப்புள்ள (பங்கில் குறித்திருக்கும் விலை), முழுப் பணமும் கட்டிய இம்பீரியல் பேங்க் பங்கு ஒன்றுக்கு 1,765 ரூபாய் 10 அணா இழப்பீடு கிடைத்தது. இப்போது ஒரு பேச்சுக்கு வங்கி 12 சதவீத டிவிடெண்ட் அறிவிக்கிறது என்று வை. அது 500-க்குத்தான், அதாவது 60 ரூபாய். ஆனால் 1,765 கொடுத்துப் பங்கை வாங்கியவருக்கு அந்த 60 ரூபாய் மூன்றரை சதவீதத்துக்கும் கீழே. நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் 90 சதவீதம் எதற்கு? பத்து ரூபாய் முகமதிப்புக்கு. பங்குக்கு ஒன்பது ரூபாய்தான் வரும். நீ கொடுக்கப்போகும் விலையால் வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படு.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஆண்டறிக்கையில் தலைவர் எழுதிய முன்னுரையையும் வண்ணப் படங்களையும் தள்ளிவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளுக்குப் போ. கடன் எந்தெந்தத் துறைக்குப் போயிருக்கிறது என்று அட்டவணை இருக்கும். கட்டுமானக் கம்பெனிகளுக்கும் பங்குகளின் பேரிலும் எவ்வளவு, பெரிய கடன்காரர்கள் இருபது பேரிடம் மட்டும் எவ்வளவு, வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார். போன வருடத்து எண்ணையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கடன் வேகமாக வளர்ந்து ஒதுக்கீடு மட்டும் குறைந்திருந்தால் எனக்கு உடனே போன் செய்.

அறிக்கையை பிடிஎஃப்பாகவே அனுப்பு, நான் இங்கே அச்செடுத்துக்கொள்கிறேன். போனில் படித்தால் கண் வலிக்கிறது. போனஸ் பணம் இன்னும் ஒரு மாதம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா