சீனியர் மேல் புகார் எழுதலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வெள்ளிக்கிழமை கோத்தகிரி கோர்ட் வாசலில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல மனம் வரவில்லை. சுற்றிலும் நம் ஆட்கள். அந்தப் பாட்டி வேறு, ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) கொண்டுவந்த மஞ்சள் பையை மடியில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பச்சைத் தேயிலை விற்றுச் சேர்த்த பணத்தைப் புரோநோட்டு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர். வசூலிக்க வக்கீல் வைத்தார். நான்கு வருடமாக ஒரே பதில்: "வாய்தா போட்டிருக்கு." கடைசியில் பார்த்தால் வழக்கு தாக்கலே ஆகவில்லை. நோட்டை வைத்து வழக்குப் போட இருந்த மூன்று வருடக் கெடுவும் போய்விட்டது. அந்த வக்கீல் உனக்கும் எனக்கும் மூத்தவர், தினமும் டீக்கடையில் பார்க்கிறவர். அவர் மேல் பார் கவுன்சிலில் (வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) போடும் புகாரை "எடுக்கலாமா அக்கா?" என்கிறாய்.

எடு. ஆனால் கோபத்தோடு எழுதாதே.

இதே மாதிரி முதலில் வந்த புகாரை நான் கோபத்தில்தான் எழுதினேன். கட்சிக்காரர் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் அப்படியே அஃபிடவிட்டில் கொட்டினேன். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்டது இரண்டே கேள்வி: எந்தத் தேதியில் பணம் கொடுத்தீர்கள், ரசீது எங்கே? இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை. புகார் தள்ளுபடி. அவர் பொய் சொல்லவில்லை. தேதியைத் தேடி எடுக்க வேண்டிய நான் தேடவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஒருவருடைய சோற்றில் கை வைக்கிற விஷயம். அதனால்தான் கிரிமினல் வழக்குக்கு நிகரான நிரூபணம் கேட்கிறார்கள். அது சரிதான் என்று நினைக்கிறேன். வழக்கில் தோற்றது குற்றமில்லை, நல்லெண்ணத்தில் தவறான ஆலோசனை சொன்னதும் குற்றமில்லை. போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்லி நம்ப வைத்ததுதான் குற்றம். அந்த ஒன்றை மட்டும் எழுது.

1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைத் தேடிப் படி. நம் மாநிலத்திலிருந்து போனதுதான். அதிலும் புரோநோட்டு, காது கேளாத ஒரு முதியவர், தாக்கலாகாத வழக்கு. மாநில பார் கவுன்சில் விதித்த 6 ஆண்டுத் தடையை அகில இந்தியக் கவுன்சில் 1 ஆண்டாகக் குறைத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வக்கீலை இலவச சட்ட உதவிப் பணி செய்ய வைத்தார். அதைப் படித்த பிறகு என் கோபம் கொஞ்சம் அடங்கியது.

பாட்டியிடம் எதையும் மறைக்காதே. இந்தப் புகாரால் பணம் திரும்பி வராது, அதற்கு அந்த வக்கீல் மேல் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு தனியாகப் போட வேண்டும். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்தக் கதவும் இல்லை. பார் கவுன்சில் விசாரணைக்குச் சென்னை போக வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம். அந்த வயதில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இப்படி. ஒரு வருடத்துக்குள் முடியாவிட்டால் கோப்பு டெல்லியில் இருக்கும் அகில இந்தியக் கவுன்சிலுக்குப் போகும். நடுவில் யாராவது சமாதானம் பேச வருவார்கள். புகார்தாரர் பின்வாங்கினார் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிட முடியாது என்று விதி இருக்கிறது. அதை இப்போதே சொல்லி வை.

அப்புறம், பாட்டியின் காகிதக் கட்டு. பாக்கி பீஸ் தந்தால்தான் தருவேன் என்று அந்த வக்கீல் சொன்னதாகச் சொன்னாய். பீஸுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000லேயே தீர்ப்பு வந்துவிட்டது. முதல் வேலையாக அதைக் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்பு. மரியாதையாக எழுது. அவர் தரப்பு விளக்கம் ஏதாவது இருந்தால் அதையும் கேள். நியாயமான விளக்கமாக இருந்தால் நாம் நிறுத்திவிடலாம்.

உன்னோடு சிலர் பேச்சை நிறுத்துவார்கள். எனக்கும் நடந்தது. ஒரு வருடம் சங்க அறையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். வலித்தது. ஆனால் கறுப்புக் கோட்டைப் பார்த்து நம்பித்தான் அந்தப் பாட்டி பையைத் திறந்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு குன்னூருக்கு வா. பையில் எதையும் கழிக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல். வாய்தா என்று வந்து போன நாட்களின் பஸ் டிக்கெட் இருந்தால் அதுவும் வேண்டும்.

அன்புடன்,
அக்கா