வாடகை நிலுவையுடன் வீடு மாறியவர்களுக்குக் கிராம அலுவலர் ஊடாகக் கடிதம் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்து தருமாறு கோரல்

திருநெல்வேலி கிழக்கு,
யாழ்ப்பாணம்.

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: பிரதேச செயலாளர், நல்லூர்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். என் வளவுக்குள்ளேயே பின்பக்கமாக உள்ள இரண்டு அறை வீட்டை வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். ஓய்வூதியமும் அந்த வாடகையும்தான் எனக்குச் சீவியம். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஒழுங்கையில் அறை வாடகைக்கு விடாத வீடு குறைவு. இந்த மனுவை எழுதியது நான் என்றாலும், அயலில் மூன்று வீட்டுக்காரர் வாசித்துப் பார்த்து, தங்களுக்கும் இதுதான் நடந்தது என்று கீழே ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

கடந்த ஆடி மாதம் வவுனியாவில் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பின்வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு கிணற்றுக்கட்டில், ஒரு சிரட்டைக்குக் கீழே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சாமான் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவரில் பிள்ளையின் பாட நேரசூசி ஒட்டியபடியே இருந்தது. விடியப்புறம் ஒரு பட்டா லொறி வந்து சாமான் ஏற்றியதாக முன்வீட்டுக்காரர் சொன்னார்.

மாத வாடகை 25,000 ரூபா. ஐந்து மாதம் வரவில்லை. குடியிருந்தவருக்கு வேலை போய்விட்டது, அவரின் பிள்ளைக்கும் பரீட்சை நேரம், அதனால் நானும் பொறுத்திருந்தேன். முற்பணம் 50,000 ரூபாவைக் கழித்தால் 75,000 ரூபா நிலுவை. அடுத்த கிழமை மின்வாசிப்பாளர் வந்தார். மின்மானி என் பெயரில், பில்லும் என் பெயரில். அது 18,400 ரூபா. கட்டாவிட்டால் என் வீட்டுக்கும் சேர்த்துத்தான் இருட்டு என்பதால், காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் கட்டினேன்.

குடியிருக்க வருகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டு விறாந்தையைத் தந்து, வாடகை வேண்டாம் என்றார். மற்றவர் வளவில் இருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். காசில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மாதம் மாதமாகத் தரும்படி விட்டிருப்பேன். இப்போது அப்படிக் கதைப்பதற்கும் ஆள் எங்கே என்று தெரியவில்லை.

தேடிப் பார்க்காமல் உங்களிடம் வரவில்லை. தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. அவர் தந்த தேசிய அடையாள அட்டைப் பிரதி கையில் இருக்கிறது. அதில் உள்ள 12 இலக்கத்தில் முதல் நான்கைப் பார்த்தால் அவர் பிறந்த ஆண்டு தெரிகிறது, இன்று இருக்கும் இடம் தெரியவில்லை. அட்டையில் இருந்த மானிப்பாய் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், திரும்பி வந்தது. ஆட்டோ பிடித்து நேரே போய்ப் பார்த்தேன். அட்டை எடுத்த காலத்தில் அவர்கள் அங்கேயும் வாடகைக்குத்தான் இருந்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வாழ்ந்த இந்த மாவட்டத்தில் எத்தனை பேரின் அட்டையில் இருக்கும் முகவரி இன்றைக்கும் சரியாக இருக்கும்?

பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்தார்கள். ஆனால் முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு வந்தவர் என்று காட்ட முடியாவிட்டால் இது குடியியல் விடயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். சரி என்று அங்கே போனேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. செலவில்லாமல் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்க வைப்பார்கள். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி இருந்தால்தானே அவர்களுக்கு அறிவித்தல் அனுப்பலாம்? நீதிமன்றம் போனாலும் அழைப்பாணை சேர்ப்பிக்க முகவரி வேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்ததால் இனிப் பிரச்சினையில்லை என்றார் ஒருவர். அது வீட்டை விட்டுப் போகாமல் இருப்பவரை எழுப்புவதற்கான சட்டம். எங்கள் ஆள் தானாகவே போய்விட்டார். இதற்கிடையில் காலமும் ஓடுகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஆறு வருடம் என்று சட்டத்தரணி சொன்னார். நான் வாய்ப்பேச்சில் கொடுத்தவள்.

அவரின் அடையாள அட்டையை முகநூலில் போடுங்கள், ஒரே நாளில் ஆள் அகப்படும் என்று பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. இன்னொருவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் விசாரிக்கச் சொன்னார், விடுகைப் பத்திரம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று பார்த்தால் ஊர் தெரிந்துவிடும் என்றார். கேற்றடி வரைக்கும் போனேன். எட்டு வயதுப் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தகப்பனின் கடனைத் தேட மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியாக எங்கள் கிராம அலுவலரிடம் போனேன். ஒரு குடும்பம் எங்கே போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவோ, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எடுக்கவோ, வாக்காளர் பதிவுக்கோ புதிய இடத்துக் கிராம அலுவலரிடம் போயே ஆக வேண்டும். ஆகவே அரசாங்கத்தில் யாரோ ஒருவருக்கு அவர்கள் இருக்கும் இடம் தெரியும். ஆனால் அந்த முகவரியைக் கேட்டு வாங்கித் தர முடியாது என்று அவர் சொன்னார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னது சரியென்றே பட்டது. அடிக்கிற கணவனுக்குப் பயந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு மாறுகிற பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் என்று சொல்லி விலாசம் கேட்டு வருகிறவர் உண்மையில் யார் என்று கிராம அலுவலருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நான் கேட்பது முகவரியை அல்ல. கடிதத்தைச் சேர்ப்பித்துத் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வாடகைக்குக் கொடுத்ததற்கான ஆதாரத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கடிதத்தையும் வீட்டுக்காரர் தன் பிரதேச செயலகத்தில் கொடுக்கட்டும். மாவட்டத்தில் உள்ள 15 பிரதேச செயலகங்களிலும் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் அந்த ஆள் எங்கே பதிந்திருக்கிறாரோ, அந்தக் கிராம அலுவலர் கடிதத்தை அவர் கையில் கொடுத்து ஒப்பம் வாங்கட்டும். எங்களுக்கு இன்ன திகதியில் சேர்ந்தது என்ற ஒரு வரி போதும். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைச் சொல்லவே வேண்டாம். மத்தியஸ்த சபையின் அறிவித்தலையும் இதே வழியில் சேர்ப்பிக்க, சபையோடும் உரிய திணைக்களத்தோடும் கதைத்து ஒழுங்கு செய்தால், எங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி சபையிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இனிமேல் வாடகைக்குக் கொடுப்பவர்கள் பயன்படுத்த ஒரு பக்கப் படிவம் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம அலுவலர் அலுவலகங்களில் கிடைக்கச் செய்யுங்கள். இப்போது இருக்கும் முகவரி, அடையாள அட்டை இலக்கம், தெரிந்த ஒருவரின் தொடர்பு, கொடுத்த முற்பணம், குடிவந்த அன்று மின்மானியில் நின்ற அலகு ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கட்டும். இது வீட்டுக்காரருக்கு மட்டுமான பாதுகாப்பு அல்ல. முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சாட்டுச் சொல்லும் வீட்டுக்காரரும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் காசு கேட்கப் போகும் மாணவரின் கையிலும் ஒரு கடதாசி இருக்க வேண்டும்.

ஒரேயொரு விடயத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸிலோ படையினரிடமோ பதிய வேண்டும் என்று இதை மாற்றிவிடாதீர்கள். பதிவு என்று சொல்லி வீடு வீடாக வந்த காலத்தை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. வாடகைக் காசுக்காக அந்தப் பயத்தை மறுபடி வரவழைக்க நாங்கள் ஒருவரும் விரும்பவில்லை.

என் கடிதம் எழுதி ஆயத்தமாக இருக்கிறது. மின்கட்டணக் காசை முதலில் தாருங்கள், வாடகை நிலுவையை மாதம் 5,000 ரூபா படி தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அலுமாரிக்குப் பின்னால் பிள்ளையின் கணிதப் புத்தகமும் ஒரு சித்திரக் கொப்பியும் விழுந்து கிடந்தன. அவை பத்திரமாக இருக்கின்றன, வந்து எடுக்கலாம் என்றும் கடைசியில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையே முதற்கடிதமாக எடுத்து, இந்த ஏற்பாட்டைச் செய்து பார்க்கலாம்.

பொதுமக்கள் தினம் ஒன்றில் தங்களை நேரில் சந்திக்க ஒரு நேரம் ஒதுக்கித் தந்தால், ஒப்பமிட்டவர்களையும் கூட்டிக்கொண்டு ஆவணங்களோடு வருவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டு உரிமையாளர்,
அயல் வீட்டு உரிமையாளர் மூவரின் ஒப்பங்களுடன்.

பிரதி: கிராம அலுவலர், திருநெல்வேலி கிழக்கு.