மோட்டார் சைக்கிள் கழுவுவது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சோளகக் காற்று தொடங்கினால் கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "அண்ணை, எந்தப் பொலிஷ் நல்லம்?" என்பதுதான். பொலிஷ் நாங்களும் விற்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு முதல் தேவை அது இல்லை. கடற்காற்றில் வந்து படிகிற உப்பைக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரைக் காயமுன் துடைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் பெற்றோல் டாங்கியிலும் படிகிறது. வெயிலில் நிறுத்திக் கழுவினால் ஒவ்வொரு துளியும் காய்ந்து, ஓரம் தடித்த ஒரு வளையமாக நிற்கும். அதைப் பொலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் பெயின்ற்தான் கீறுப்படும். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, மெல்லிய துணியில் நனைத்து, ஒரு நிமிடம் அந்த இடத்தில் வைத்துத் துடையுங்கள். வளையம் கரைந்துவிடும். உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள். பெயின்ற் இல்லாத அலுமினியத்தில் மட்டும் வினாகிரி படக்கூடாது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி வாளிக்கு அதை வையுங்கள்; அதில் சுண்ணாம்பு இல்லை.

பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவுப் பக்கமும், பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கும் போய்வருகிறவர்களுக்கு இன்னொரு சொல். அந்தக் கடற்காற்றில் வருகிற உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஸ்போக் கம்பியும் செயினும் சைலன்சரின் அடிப்பக்கமும் அப்படித்தான் துருப்பிடிக்கின்றன. வீட்டுக்கு வந்து, இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வெறும் தண்ணீர் விட்டாலே பெரிய பயன் உண்டு. சூடான இஞ்சினில் விடவேண்டாம். பிறஷர் வோஷ் அடிப்பதென்றால் சில்லின் நடுப்பகுதி, செயின், சுவிச்சுகள் இவற்றுக்குக் கிட்டக் கொண்டுபோக விடாதீர்கள். தண்ணீர் உள்ளே போய்க் கிறீஸைக் கழுவிவிடும்.

உடுப்புத் தோய்க்கிற பவுடர் வேண்டாம். அழுக்கோடு சேர்த்து பெயின்ற் மேலிருக்கிற மெழுகையும் அது எடுத்துவிடும். வாகனச் சாம்பு ஒரு சின்னப் போத்தல் பல மாதம் வரும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் பிடித்திருந்தால் துணியால் துடைக்கமுன் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்து இறக்குங்கள். மண்ணோடு தேய்க்கிற துணி அரத்தாள்தான்.

செயினுக்குப் பெற்றோல் போடுகிற பழக்கத்தை விடுங்கள். இப்போதைய பல செயின்களில் உள்ளே ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. பெற்றோல் அவற்றைக் கெடுக்கும், தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, காயவிட்டு, செயின் எண்ணெயைப் பற்சக்கரத்தைத் தொடுகிற உட்பக்கத்தில் மெல்லப் பூசுங்கள். சில்லைக் கையால் சுற்ற வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துடைப்பது விரலை இழக்கிற வேலை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள்.

பிறேக் டிஸ்க்கில் எண்ணெயோ பொலிஷோ ஒரு துளிகூடப் படக்கூடாது. ரயரின் பக்கச் சுவரில் பளபளப்புப் பூசுகிறவர்கள், ரோட்டில் படுகிற பக்கத்துக்கு அது வராமல் பாருங்கள், வளைவில் சறுக்கும். கழுவி முடிந்து வீதியில் ஏறமுன் மெதுவாக ஓடி, இரண்டு மூன்று தடவை பிறேக் பிடித்துக் காயவையுங்கள்.

பளபளப்பில்லாத மங்கல் பெயின்ற் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சாதாரண மெழுகு, பொலிஷ் எதுவும் வாங்கவேண்டாம். திட்டுத்திட்டாகப் பளபளக்கும், திரும்ப எடுப்பது கஷ்டம். சாம்பும் மென்துணியும் போதும். எந்தப் போத்தல் எதற்கு என்று சந்தேகம் வந்தால் சைக்கிளையே கடை வாசலுக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்
யாழ்ப்பாணம்