பல்லுக்கு உள்ளேயும் பார், தம்பி

அன்புள்ள தம்பி,

கியர் பற்களில் வரும் சுமையைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லின் அடியில் வரும் வளைவுத் தகைவு, அதாவது பல் வளைவதால் உலோகத்துக்குள் எழும் இறுக்கம், சரியாகவே இருக்கிறது, அதை விட்டுவிடு. பற்கள் தொடும் இடம்தான் சிக்கல். மெஷ்ஷை, அதாவது பல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வலையை, சிறிதாக்கச் சிறிதாக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்கிறாய். போகத்தான் செய்யும்.

முதலில் கையால் ஒரு கணக்குப் போடு. தொடும் இடத்தில் இரண்டு பற்களையும் இரண்டு எஃகு உருளைகளாக வைத்துக்கொள். இரண்டுக்கும் ஆரம் 20 மி.மீ.; பல்லின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் சுமை. வளைந்த பரப்புகள் அழுந்தித் தொடுவதற்கான ஹெர்ட்ஸ் சூத்திரத்தில் உச்ச அழுத்தம் சுமார் 860 மெகாபாஸ்கல் வரும். தொடும் பட்டையின் முழு அகலமோ 0.3 மி.மீ. தான்! உன் எலிமென்ட், அதாவது மெஷ்ஷின் ஒரு துண்டு, அரை மில்லிமீட்டர். பட்டை மொத்தமும் ஒரே எலிமென்ட்டுக்குள் அடங்கிவிட்டால் வரும் எண்ணை எப்படி நம்புவது? அந்த இடத்தில் மட்டும் 0.02 மி.மீ. வரை இறக்கு. மற்ற இடமெல்லாம் பெரிதாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ஓடும்.

அப்புறம் சுமையை இரண்டு மடங்காக்கிப் பார். அழுத்தம் 1.41 மடங்குதான் ஏற வேண்டும். அதுவும் இரண்டு மடங்கானால், மாடலில் தொடும் பட்டை விரியவே இல்லை என்று அர்த்தம். இதை ஹெர்ட்ஸ் 1882-லேயே எழுதிவிட்டார், ரேடியோ அலைகளைக் காட்டிய அதே ஹெர்ட்ஸ். அவர் யோசித்தது கியரைப் பற்றி அல்ல, அழுத்தி வைத்த கண்ணாடி வில்லைகளைப் பற்றி.

மேற்பரப்போடு நின்றுவிடாதே. ஷியர், அதாவது உலோகத்தின் ஒரு அடுக்கை அடுத்ததன் மேல் வழுக்கப் பார்க்கும் தகைவு, உச்சம் தொடுவது உள்ளே, பட்டையின் பாதி அகலத்தில் 0.78 பங்கு ஆழத்தில். நம் கணக்கில் சுமார் 0.12 மி.மீ. கேஸ் ஹார்டனிங், அதாவது பல்லின் மேல்தோலை மட்டும் கடினமாக்குவது, அதைத் தாண்டி நன்றாக உள்ளே போயிருக்கிறதா என்று டிராயிங்கில் பார்.

போன மாதம் காரைக்குடியில் ஒரு எண்ணெய்ச் செக்கின் கியர்பாக்ஸைத் திறந்து காட்டினார்கள். பிட்ச் வட்டத்துக்கு, அதாவது பல்லின் உயரத்தில் ஏறக்குறைய நடுவில் போகும் கோட்டுக்கு, சற்றுக் கீழே குழி குழியாக இருந்தது, அதுவும் பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும். ஷாஃப்ட் சாய்ந்திருக்கிறது, சுமை முழுவதும் அந்த ஓரத்தில். உன் மாடலில் ஷாஃப்ட் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது, நிஜத்தில் எங்கே அப்படி இருக்கும்? கொஞ்சம் சாய்த்து வைத்தும் ஒருமுறை ஓட்டு. என்னைக் கேட்டால், மெஷ்ஷைவிட அதுதான் உன் முடிவை அதிகம் மாற்றும்.

கைக்கணக்கையும் மெஷின் கணக்கையும் ஒரே தாளில் எழுதி அனுப்பு. பிள்ளையார் நோன்புக்கு லீவு சொல்லிவிட்டாயா என்று ஆத்தா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பச்சி