டெக் பிரிந்தால் பதில் ஸ்டிக்கரா?

எங்கள் பிரியத்துக்குரிய, எவருக்கும் கட்டுப்படாத ஸ்கேட்போர்டு பிராண்டை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். வாங்கிப் பதினெட்டே நாளில் உங்கள் டெக், அதாவது ஏறி நிற்கிற பலகை, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டதென்று படத்தோடு எழுதியிருந்தேன். "அழுகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை" என்று பதில் வந்தது, கூடவே இரண்டு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் நன்றாக ஒட்டுகிறது. டெக்குக்கும் அந்தப் பசையையே போட்டிருக்கலாம்.

டெக் உடைவது எனக்குப் புதிதில்லை. படிக்கட்டிலிருந்து குதித்து போல்ட் பக்கத்தில் இரண்டாக முறித்திருக்கிறேன். டெயில், அதாவது பின்முனை, தேய்ந்து கத்தியாகிற வரை ஓட்டியிருக்கிறேன். அதற்கெல்லாம் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது வேறு. மேப்பிளில் ஏழு அடுக்கு, இரண்டுக்குக் குறுக்கு இழை, இடையில் பசை. அதை அச்சில் அழுத்தி, காயவிட்டு எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தாலோ மரத்தில் ஈரம் மிஞ்சியிருந்தாலோ, எந்தக் கலகக்காரன் ஏறினாலும் பிரியத்தான் செய்யும். நான் மழையில் ஓட்டவில்லை. சமதரையில் பலகையோடு எம்பிக் குதிக்கிற ஆலி போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இப்போது டெக்கின் மூக்குப் பக்கம், அதாவது முன்முனையில், விரல் நகம் உள்ளே போகிறது. தரையில் தட்டினால் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம். வேறு டெக் வாங்கும் வரை காலணியோடு ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்கிறேன்.

தானாகப் பிரிந்த டெக்குக்கு மாற்று டெக் கொடுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள் தளத்தில் எட்டேகால் அங்குல டெக் இருப்பில் இல்லையாம். ஹூடி மட்டும் மூன்று நிறத்தில் இருக்கிறது, முதுகில் 'விலைபோக மாட்டோம்' என்ற வாசகத்தோடு. 1994இல் நியூயார்க்கில் ஸ்கேட் கடையாகத் தொடங்கிய சுப்ரீம் 2020இல் 210 கோடி டாலருக்குக் கைமாறியது. 2024இல் அதை வாங்கியது மூக்குக்கண்ணாடி செய்கிற நிறுவனம். அதைக் கிண்டலடித்து நீங்கள் பேசியதைக் கேட்டுத்தான் நான் உங்கள் பக்கம் வந்தேன். கலகம் முதலாளிகளுக்கு எதிராக என்று நினைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கினவனுக்கு எதிராக என்று லேபிளில் போடவில்லையே!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

பிரிந்த டெக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் பசை விட்டிருக்கிறதென்று நீங்களே பார்க்கலாம். அனுப்புகிற செலவு என்னுடையது. தயவுசெய்து மாற்று டெக் ஒன்றை அனுப்பிவையுங்கள். படம் எதுவும் இல்லாத வெறும் டெக்கானாலும் போதும். சக்கரங்களைத் தாங்குகிற ட்ரக்குகளைக் கழற்றித் தயாராக வைத்திருக்கிறேன். கால் வழுக்காமலிருக்க மேலே ஒட்டுகிற கிரிப் டேப்பை நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பவன்