நகோயாவில் இரண்டு நாள் இறங்குங்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் மாமா போட்ட பயணத் திட்டமும் கிடைத்தன. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா எல்லாம் இருக்கிறது, நான் இருக்கிற நகோயா மட்டும் இல்லை. பார்க்க ஒன்றுமில்லை என்று டிராவல்ஸ்காரர் சொன்னாராம். 23 லட்சம் பேர் வாழும், ஜப்பானின் நான்காவது பெரிய ஊர் இது. டோக்கியோவிலிருந்து நொசோமி புல்லட் ரயிலில் 1 மணி 40 நிமிடம், இங்கிருந்து கியோட்டோவுக்கு 35 நிமிடம். போகிற வழிதான். கியோட்டோவில் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

அப்பாவுக்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். டொயோட்டா கார் கம்பெனிக்கு மூலம் தறிதான். நகோயா ஸ்டேஷனிலிருந்து ஒரே ஸ்டாப்பில், அவர்களுடைய பழைய ஆலை இருந்த இடத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கார் கம்பெனியைத் தொடங்கியவரின் அப்பா சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி அங்கே ஓடுகிறது. ஓட்டத்தை நிறுத்தாமலே, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மாறிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். சோமனூரில் ராத்திரி ஷிப்டில் டார்ச் அடித்து அறுந்த இழை தேடிய மனிதர் இதைப் பார்க்க வேண்டாமா? அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பது போலவே இருந்தது, கூட்டம் கலைந்த பிறகும் அங்கிருந்து கிளம்ப மனமில்லை.

நகோயா கோட்டையின் கோபுரம் 2018இலிருந்து மூடியிருக்கிறது. பக்கத்திலேயே, 1945 குண்டுவீச்சில் எரிந்த அரண்மனையை மரத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அது போதும்.

காலையில் இங்கே காபி வாங்கினால் டோஸ்டும் அவித்த முட்டையும் சும்மா வரும். டோஸ்ட் மேல் போளிப் பூரணம் மாதிரி இனிப்புப் பயறு தடவித் தருகிற கடையும் உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும். மிசோ என்கிற சோயா விழுதில் செய்யும் சூப்பில் மீன் சாறு இருக்கும், அதனால் அம்மாவுக்கு நானே சமைக்கிறேன். இப்போது ஓவர்டைம் குறைவு, சாயங்காலம் நேரம் இருக்கிறது. ஹோட்டலும் வேண்டாம். கீழ்வீட்டுப் பாட்டி, கதவைத் தட்டாமல் முள்ளங்கியைப் பிடியில் தொங்கவிட்டுப் போவாரே, அவர் மெத்தை தருவதாகச் சொல்லிவிட்டார். எத்தனை பேர், எப்போது என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை.

ஆகஸ்ட் வேண்டாம், புழுக்கம் தாங்காது. ஜனவரிக் காற்று அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது. நவம்பரே சரி.

அப்புறம், அப்பாவின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது, நான் அழைப்புக் கடிதம் தயார் செய்ய வேண்டும். தறிக்கடன் தவணை இந்த முறை பத்தாம் தேதிக்குள் வராது, இருபதுக்குள் அனுப்பிவிடுவேன், அதை அப்பாவிடம் சொல்லாதே. பழைய இரண்டு தறிகளை எடைக்குப் போடுகிற பேச்சையும் அவர் இங்கே வந்து போகும்வரை எடுக்க வேண்டாமென்று மாமாவிடம் சொல்.

உன் தம்பி